பின் சீட்டில் எழில்

செங்கல்பட்டில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தணிகைவேல், தன் வண்டியில் இன்றுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று யாரிடமும் சொல்லிக்கொள்வார். ஆனால் அவருடைய எட்டு வயது மகள் எழிலுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் இருக்கும் சின்னக் காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொள்வாள். எலுமிச்சம்பழம், மாத்திரை, வெறும் வயிற்றோடு பயணம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பஸ்ஸில் மட்டும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஜன்னல் காற்றுதான் காரணம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

சின்ன வண்டி ஆடுகிறது, பெரிய வண்டி வாங்கினால் சரியாகும் என்று தணிகைவேல் முடிவு செய்தார். அவர் சரக்கு அனுப்பித் தரும் கார் கம்பெனி ஒன்று அப்போது இரண்டு புது செடான்களை விற்பனைக்கு முன்பே சிலருக்கு மட்டும் காட்டியது. கோவளம் தாண்டிக் கடலோரம் ஒரு ரிசார்ட்டில் ஏற்பாடு. அழைப்பு வந்ததும் மனைவி ரத்னாவையும் எழிலையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். புதுக் கார் பார்க்க மூவரும் பஸ்ஸில்தான் போய் இறங்கினார்கள்.

வெள்ளையில் ஒரு பெட்ரோல் கார், நீலத்தில் ஒரு பேட்டரி கார். கம்பெனிப் பெண் பிரதீபா சிரித்த முகத்தோடு வரவேற்றாள். முட்டுக்காடு பாலம் வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பலாம் என்றாள்.

மற்றவர்கள் திரையையும் பாட்டுச் சத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, தணிகைவேல் நேராக விஷயத்துக்கு வந்தார். “எம் பொண்ணுக்கு வண்டில வாந்தி வரும்மா. இதுல வருதா பாக்கணும்.”

பிரதீபா ஒரு கணம் சீட்டின் வெளிர் நிறத் தோலைப் பார்த்தாள். பிறகு, “தாராளமா பாருங்க சார்” என்று இரண்டு பிளாஸ்டிக் கவர்களை எடுத்து வந்தாள்.

முதலில் வெள்ளைக் கார். தணிகைவேல் ஓட்டினார். பிரதீபா அவர் பக்கத்தில், ரத்னாவும் எழிலும் பின்னால். வண்டி வெண்ணெய் மாதிரிப் போவதாகத் தணிகைவேலுக்குத் தோன்றியது. முன்னால் போன வேனை ஒடித்து முந்தினார். பஸ் ஸ்டாப்பில் குறுக்கே வந்த ஷேர் ஆட்டோவுக்காக அழுத்திப் பிரேக் போட்டு, மறுபடி விட்டதைப் பிடித்தார். பாலம் கண்ணில் படும்போது பின்னாலிருந்து, “அம்மா” என்று மெல்லிய குரல் வந்தது. ஓரம் கட்டினார்கள்.

“புது வண்டி வாசனையா இருக்கும் சார்” என்றாள் பிரதீபா, எழிலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

கொஞ்ச நேரம் கடல் காற்றில் உட்கார வைத்துவிட்டு நீலக் காரை எடுத்தார். அதில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக இழுத்துப் பிடித்தது. இந்தமுறை பாதி தூரம்கூடப் போக முடியவில்லை.

ரிசார்ட்டுக்குத் திரும்பியதும் தணிகைவேல் சாவியை மேசைமேல் வைத்தார். “இதுவும் தேறாது. நம்ம பொண்ணுக்குக் காரே கெடையாது போலகீது.”

பிரதீபா ரத்னாவைப் பார்த்தாள். “மேடம், நீங்க ஓட்டிப் பாக்குறீங்களா?”

“அவ ஓட்ட மாட்டா” என்றார் தணிகைவேல்.

“இன்னாத்துக்கு ஓட்ட மாட்டேன்? லைசென்ஸ் கீதே” என்றாள் ரத்னா.

அது அவருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு மதுராந்தகத்தில் அண்ணனுடைய குட்டியானை லோடு வண்டியில் நெல் மூட்டை ஏற்றி மண்டிக்கு ஓட்டிப் போனவள் அவள். கல்யாணமான புதிதில் ஒருமுறை சாவி கேட்டபோது, டவுன் டிராஃபிக்கில் வேண்டாம் என்றார். அதன்பிறகு அவள் கேட்டதில்லை. இப்போது செல்போனில் இருந்த லைசென்ஸைப் பிரதீபாவிடம் காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, வெள்ளைக் காரில் உட்கார்ந்தாள்.

எழில் ஏற மறுத்தாள். “போதும் நைனா, நான் வரல.”

“அம்மா ஓட்டப்போறா. வா, நானும் பின்னாடி ஒக்கார்றேன்.”

கையில் கவரோடு அவள் பக்கத்தில் தணிகைவேல் உட்கார்ந்தார். ரத்னா முதலில் தயங்கினாள். பிறகு ஒரே சீராக ஓட்டினாள். முன்னால் எது தென்பட்டாலும் வெகு முன்பே காலை எடுத்தாள். ஒரு ஆட்டோ குறுக்கே வந்தபோது தணிகைவேல் தன் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். வண்டி எப்போது வேகம் குறைந்தது என்றே தெரியவில்லை. எழில் வாயைப் பொத்தவில்லை. முட்டுக்காட்டில் தண்ணீர்மேல் போன படகைக் காட்டி, “அதுல போலாமா நைனா?” என்றாள். திரும்பி வரும் வழியில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

இறங்கியதும் தணிகைவேல் சொன்னார்: “வயிறு காலி. அதான் ஒண்ணும் வரல. இன்னொரு தபா நான் எடுக்கிறேன்.”

“கொழந்தைய மறுபடியும் படுத்தணுமா?” என்று கேட்டாள் ரத்னா. குரலை உயர்த்தவில்லை. அவர் சாவியை வாங்கவில்லை.

எழில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளருகில் போய் உட்கார்ந்தார்.

“நான் ஓட்டுனா எப்டிம்மா கீது?”

எழில் யோசித்தாள். “தூக்கித் தூக்கிப் போடும். அம்மா ஓட்டுனா வண்டி போறதே தெரில.”

“முன்னாடியே சொல்லிருக்கலாம்ல?”

“கார்னாலே அப்டித்தான்னு நெனச்சினு இருந்தேன்.”

தணிகைவேல் மகளின் தலையில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

எந்தக் கார் பிடித்தது என்று பிரதீபா வந்து கேட்டபோது, “ரெண்டும் நல்லா கீதும்மா. வண்டில ஒரு கொறையும் இல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிறு காலை, மதுராந்தகத்தில் இருக்கும் ரத்னாவின் தங்கை பரிமளா வீட்டுக்குக் கிளம்பினார்கள். பழைய கார்தான். தணிகைவேல் சாவியை ரத்னாவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் அங்கே லாரி, இங்கே பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரத்னா தன் பாட்டுக்கு ஓட்டினாள். படாளம் தாண்டியபிறகு அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

பரிமளாவின் கணவன் கலைவாணன் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தான். ஓட்டுநர் பக்கத்திலிருந்து ரத்னா இறங்குவதைப் பார்த்து, “இன்னா சகல, கால்ல எதுனா அடியா?” என்றான்.

“அதெல்லாம் இல்ல” என்றார் தணிகைவேல். “அவ என்னைவிட நல்லா ஓட்டுறா.”

எழில் அதற்குள் கதவைத் திறந்துகொண்டு சித்தியைத் தேடி உள்ளே ஓடிவிட்டாள்.