மழை பார்க்காதவனுக்குப் பதில் இல்லை

டிசம்பரில் உடும்பஞ்சோலைக்கு வருகிற எந்த ஆணும் நல்லவனாகத்தான் தெரிவான். மூடுபனி, ஏலக்காய் மணம், கையில் சூடான கட்டன்சாயா. அந்த நேரத்தில் யாருக்குத்தான் காதல் வராது? எனக்கும் இரண்டு முறை வந்தது. இரண்டு பேருமே நான் வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயில் தங்கிப் போனவர்கள். ஊருக்குப் போயும் தினம் போனில் உருகினார்கள். ஜூனில் மழை பிடித்து, கரண்ட் போய், தோட்டக் கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் நானும் அம்மாவும் ஒண்டிக்கொண்டு கிடக்கும் போட்டோவை அனுப்பியதும் ஒருவன் பதில் போடுவதைக் குறைத்தான். இன்னொருவன், வீட்டு போட்டோவை எல்லாம் வெளியில் போடாதே என்று புத்தி சொன்னான்.

அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். அன்றே ஒரு சட்டம் போட்டேன். இனி எவனாக இருந்தாலும் ஆடி மழையில் வந்து தங்கிப் பார்க்கட்டும். பார்த்த பிறகுதான் பதில்.

"ஏண்டி முருகேஸ்வரி, வாரவனையெல்லாம் மழையில நனைய வச்சா எவன்டி உன்னையக் கட்டுவான்?" என்று அம்மா குருவம்மாள் ஏலத்தோட்ட வேலை முடிந்து வந்ததும் வராததுமாகத் திட்டுவார். டேட்டிங் ஆப்பில் பேசியவர்களில் பாதிப் பேர் மழை என்றதுமே கழன்றுகொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வேலை மிச்சம்.

அருள்குமார் மட்டும் வந்தார். பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதி. தென்னந்தோப்பும் மாடுகளும் உள்ள குடும்பம். ஆப்பில் என்னைப் பற்றி நான் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கியவர். ஆடியில் ஒரு குடையோடு பஸ்ஸை விட்டு இறங்கி, ஹோம்ஸ்டேயில் காலியாகக் கிடந்த அறையில் தங்கினார். சாப்பாடு மட்டும் எங்கள் வீட்டில், ஒழுகாத மூலையில் உட்கார்ந்து, அம்மாவின் தட்டில். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அம்மா, "கெஸ்ட்டு, கெஸ்ட்டு" என்று சொல்லிச் சமாளித்தார். இங்கே எல்லாம் அழகாக இருக்கிறது என்று அருள்குமார் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. அட்டை கடித்த காலைப் பிடித்துக்கொண்டு, "குளிரு தாங்கலீங்க" என்று புலம்பினார். புலம்பிக்கொண்டே இருந்தார், போகவில்லை.

அவர் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாப்பில் நின்று, "எனக்குச் சம்மதம்" என்றேன். மகாராணி மாதிரிதான் சொன்னேன்.

"இப்ப வாங்கிக்க மாட்டனுங்க" என்றார்.

"என்ன சொல்றீக?"

"உங்க மழைய நான் பாத்துட்டனுங்க. எங்கூரு வெயில நீங்க பாக்கலையே. சித்திரையில வாங்க. தண்ணி லாரி வந்தாத்தான் தண்ணி. வெயிலு கூடப் பரவால்லீங்க. எங்கம்மா சாதி பாக்கறவங்க. சொல்லிப் பாத்துட்டேன், மாறலீங்க. எல்லாஞ் செரியாப் போயிரும்னு நான் சொன்னா அது பொய்யி. நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னாலும் செரிதானுங்க."

பஸ் போன பிறகும் என் கோபம் அடங்கவில்லை. என் சட்டத்தை என் மேலேயே திருப்பிவிட்டுப் போகிறார். ஆனால் மழையில் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இல்லை என்று சொல்லவும் எனக்கு வழி விட்டுப் போன முதல் ஆள் அவர். அவரைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

சித்திரையில் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவருடைய அம்மா பெரியம்மாள் வாசலில் நின்று, "வாங்க" என்றார். உட்கார நாற்காலியும் போட்டார். மகனுக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது. எனக்குப் பேப்பர் கப்பில்.

கல்யாண மண்டபத்தில் பேப்பர் கப் கொடுப்பது வேறு. அலமாரி நிறைய டம்ளர் மினுங்கும் வீட்டில் ஒருத்திக்கு மட்டும் கொடுப்பது வேறு. அதன் அர்த்தம் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கோ தொண்டை வறண்டு கிடந்தது. குடித்துவிட்டால் அன்றைய பொழுது சுமுகமாகப் போகும், அவரும் எனக்குக் கிடைப்பார். ஆனால் ஆயுசு முழுக்க அந்தக் கப்பில்தான் குடிக்க வேண்டியிருக்கும்.

கப்பைத் தள்ளி வைத்தேன்.

"அம்மா, உங்க மகன் எங்க வீட்டுல எங்கம்மா தட்டுலதான் சாப்பிட்டாரு. எனக்கும் டம்ளர்ல குடுங்க. இல்லன்னா வேணாம், பஸ் ஸ்டாண்டுல போயிக் குடிச்சுக்கிறேன்."

பெரியம்மாள் என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்கு வாயி சாஸ்தியா இருக்குதே."

"அதப் பாத்துத்தானுங்கம்மா எனக்குப் புடிச்சுது" என்றார் அருள்குமார். அவர் தன் டம்ளரை இன்னும் தொடவில்லை. "நீங்க குடுக்கலீன்னா நானும் அவங்க கூடவே பஸ் ஸ்டாண்டுக்குப் போறனுங்க."

பெரியம்மாள் உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, என் கையில் தராமல், மேசை மேல் ஒரு டம்ளரை டொக்கென்று வைத்தார். அவருக்கு என் மேல் பிரியம் வந்துவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். வரவில்லை. டம்ளர்தான் வந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

"பாத்துட்டேன்" என்றேன் அருள்குமாரிடம். "எனக்குச் சம்மதந்தான். ஆனா இந்த வீட்டுல இல்ல, தனிக்குடித்தனம். இங்க விருந்தாளியா வருவேன், டம்ளர்ல குடிப்பேன், போவேன்."

"செரிங்க" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பெரியம்மாள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்று இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.