துவார்த்தே தெருவில் நின்ற கார்

சாந்தோ தொமிங்கோவில் கோன்சோ டாக்ஸி ஓட்டுவது என்றால், ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு பேரைத் திணித்துக்கொண்டு, தெருவில் கை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் நிற்பது. எனக்கு வேறு திறமை கிடையாது. என் மனைவியைக் கேட்டால் இதுவும் கிடையாது என்பாள். அப்படிப்பட்ட என்னைச் சினிமாவுக்குக் கார் ஓட்டக் கூப்பிட்டார்கள்.

கொள்ளையடித்தவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு தப்பிக்கவைக்கும் ஃபாவுஸ்தோவின் கதை அது. நிஜ ஃபாவுஸ்தோவும் கூடவே இருந்தார். ஒரு காலத்தில் அவரும் கோன்சோக்காரர்தான். சிறையிலிருந்து வந்து, கதையைச் சொல்லி, படத்துக்கு ஆலோசகர் ஆகியிருந்தார். லைசென்ஸ் போய்விட்டதால் ஓட்ட மட்டும் முடியாது.

படத்தில் ஒரு துரோகி உண்டு. கடைசிக் கொள்ளையைப் போலீசுக்குப் போட்டுக்கொடுக்கிறவன். அவன் என் அண்ணன் யோவானி.

நிஜத்தில் எல்லோரும் பிடிபட்டு உள்ளே போனதும், அவன்தான் காட்டிக்கொடுத்தான் என்ற பேச்சு சிறைக்குள் பரவி, நாங்கள் முதன்முதலாகப் பார்க்கப் போவதற்குள் அவனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். அடக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் வரவில்லை. இன்றும் அம்மா மளிகைக் கடைக்குப் போனால், வாசலில் டோமினோ ஆடுகிறவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். படத்தில் அவன் பெயரையாவது நீக்கவைக்கலாம் என்றுதான் வேலைக்கு வந்தேன். இயக்குநர் லிசாந்த்ரோ, பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

துவார்த்தே தெருவில் துரத்தல் காட்சி. பின் இருக்கையில் முகமூடியுடன், அண்ணனாக நடிக்கும் இளைஞர். என் பக்கத்தில், கேமராவில் விழாமல் குனிந்து வழி சொல்லிக்கொண்டு ஃபாவுஸ்தோ. வண்டியைப் பறக்கவிட்டேன். திருப்பத்தில், வாழைக்காய்ப் பையோடு நின்ற ஒரு பெண்மணி கை நீட்டினார்.

என் கால் என்னைக் கேட்கவே இல்லை. கார் கச்சிதமாக அவர் முன்னால் நின்றது.

ஏறியவர் முகமூடிக்காரரை முழங்கையால் இடித்தார். “கொஞ்சம் தள்ளி உக்காருப்பா. கார்னிவல்தான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன வேஷம்?”

அதோடு விட்டேனா? “கதவ மெதுவா சாத்துங்கம்மா” என்றேன். மைக்கில் கேட்டு மொத்தக் குழுவும் சிரித்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டு வேறு கோன்சோவில் ஏற்றிவிட்டு வந்தால், ஃபாவுஸ்தோ இன்னும் குனிந்தபடியே இருந்தார்.

“அந்தக் கடைசிக் கொள்ளை அன்னைக்கும் இப்படித்தான்டா. ஒருத்தி கை நீட்டுனா, நின்னுட்டேன். பின்னாடியே போலீஸ். யோவானி யாரையும் காட்டிக்குடுக்கல.”

“அப்புறம் ஏன்யா பழிய அவன் தலையில போட்ட?”

“பாசஞ்சருக்கு நின்னு மாட்டுனேன்னு ஜெயில்ல எப்படிடா சொல்றது? சிரிச்சே கொன்னிருப்பானுங்க.”

கை ஓங்கினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறவரை அடிக்கிற துப்பும் எனக்கில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துப்போய் லிசாந்த்ரோவிடம் சொல்லவைத்தேன். ஒன்று விடாமல் சொன்னார்.

லிசாந்த்ரோ பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “உண்மையாவே இருக்கட்டும், ரதாமேஸ். தப்பிச்சு ஓடுறவன் நடுவுல ஆள் ஏத்துனான்னு காட்டுனா தியேட்டரே சிரிக்கும். இந்தக் கதைக்குத் துரோகிதான் வேணும். இந்த ஷாட்ட முடிச்சுக் குடு, பேர மாத்திடறேன்.”

நான் கேட்க வந்தது அது மட்டும்தான். காலையில் சொல்லியிருந்தால் அவர் கையை முத்தமிட்டிருப்பேன். இப்போது பெயரை மாற்றி என்ன, ஃபாவுஸ்தோவோடு பிடிபட்டவன் யார் என்று டோமினோ ஆடுகிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். ஃபாவுஸ்தோவை எங்கள் தெருவுக்கு வந்து உண்மையைச் சொல்லச் சொன்னேன். படம் வெளிவந்த பிறகு சொல்வதாக, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெயராவது மாறட்டும் என்று மறுபடி ஓட்டினேன். எங்கும் நிற்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

இளைஞர் முகமூடியைக் கழற்றினார். நல்ல பிள்ளை, தன் வேலையைச் சரியாகச் செய்ய நினைப்பவர். அடுத்த காட்சியில் அவர் போலீசுக்குப் போன் செய்யவேண்டும்.

“அண்ணே, உங்க அண்ணனுக்குப் பயம் வந்தா கை நடுங்குமா?”

எந்தப் பயத்திலும் யோவானிக்குக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

“நடுங்கும்” என்றேன். “நல்லா நடுங்கும்.”

அந்த அளவுக்காவது திரையில் வருகிறவன் அவனாக இல்லாமல் போகட்டும்.