முகப்பில் தொங்கிய விருந்தாளி

செம்மொழி பையைத் திறந்து அதை வெளியே எடுத்ததும் என் பெண்டாட்டி பிரகதாம்பாள் ரெண்டடி பின்னால் போனாள்.

பச்சைத் துணியில் தைத்த பொம்மை. கைப்பிள்ளை அளவு இருக்கும். முட்டைக் கண், மஞ்சள் அலகு, முதுகில் ஆமை ஓடு. உச்சந்தலையில் மட்டும் முடியில்லை, அங்கே தட்டு மாதிரி ஒரு குழி.

"இது என்னடி இது?"

"தாரோ, அத்தை. எங்க ஹோம் செல்லப்பிள்ளை. மேகலா கொடுத்துவிட்டா. ஒரு மாசம் உங்க வீட்டு விருந்தாளி. நான் திரும்பப் போறப்ப வந்து கூட்டிட்டுப் போறேன்."

செம்மொழி பூதலூர்ப் பெண். அவளும் என் மகள் மேகலாவும் ஜப்பானில் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார்கள். வயசானவர்களைத் தூக்கி உட்கார வைக்கணும், குளிப்பாட்டணும், பீ மூத்திரம் அள்ளணும். ஊரில் நர்ஸ் என்று சொல்லிக்கொள்கிறோம். செம்மொழி அவள் அக்கா கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்தாள். மேகலா அங்கே போய் மூன்று வருஷமாகிறது, ஒருதடவைகூட வரவில்லை. லீவு போட்டால் சம்பளம் கிடையாது, சம்பளம் இல்லாவிட்டால் இங்கே வீடு கட்டுவது நின்றுபோகும். அதனால் அவளுக்குப் பதில் இந்தப் பொம்மை வந்திருக்கிறது.

"இதை வச்சிக்கிட்டு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"போட்டோ எடுத்து அனுப்பணும் மாமா. சாப்பிடற மாதிரி, தூங்கற மாதிரி, ஊர் சுத்தற மாதிரி. அங்க இருக்கற பெரியவங்க யாரும் வெளிய போக முடியாதுல்ல? அவங்களுக்குப் பதிலா தாரோ போறான். வியட்நாம் போயிட்டு வந்துட்டான், இந்தோனேஷியா போயிட்டு வந்துட்டான். இப்ப நம்ம ஊரு. சாப்பாட்டு நேரத்துல பெரிய டிவியில போட்டுப் பாப்பாங்க."

"அவங்களுக்கு இது பொம்மைன்னு தெரியுமா?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா?"

செம்மொழி சிரித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது பிரகதாம்பாள் விடவில்லை. "மனுசனா மிருகமா, அதையாவது சொல்லிட்டுப் போ."

"ரெண்டும் இல்ல அத்தை. அவங்க ஊர் ஆத்துல இருக்கற பூதம்."

அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் போயிருக்கலாம்.

நான் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவன். ரெண்டு ஏக்கர் குத்தகைக்கும் போட்டிருக்கிறேன். குறுவை அறுப்பு நேரம். மகள் சொல்லிவிட்டாள் என்று தாரோவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனேன். நெல் குவியல்மேல் உட்கார வைத்து ஒரு படம். ஈரம் பார்க்கும் மிஷின் பக்கத்தில் ஒரு படம். அறுப்பு மிஷின் டிரைவர் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தான். நடவு வயல் வரப்பில் வைத்தபோது பெண்கள் குனிந்தபடியே கேலி பண்ணினார்கள்.

"என்ன கோவிந்தராசு அண்ணே, மேகலா ஜப்பான்ல பெத்து அனுப்பிட்டாளா?"

"மூக்கு அண்ணன் மாதிரியே இருக்குடி!"

அவர்களையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். திருவையாற்றுக்கு வேலையாகப் போனபோது புஷ்யமண்டபத்துப் படித்துறையில் காவிரியைப் பார்த்து உட்கார வைத்தேன். குளிக்க வந்த பெரியவர் ஒருவர் அதைச் சாமி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலமானால் மேகலா கூப்பிடுவாள். "அப்பா, ஒக்காதா தாத்தா கேக்கறாரு, தாரோவுக்கு வெள்ளரிக்கா கொடுத்தீங்களான்னு. அவனுக்கு வெள்ளரிக்கான்னா உசிரு."

"அதுக்குத்தான் உசிரே இல்லியேம்மா."

"அப்பா!"

மறுநாள் சந்தையில் வெள்ளரிக்காய் வாங்கி அதன் கையில் சொருகிப் படம் எடுத்தேன். படம் எடுத்த பிறகு அந்தக் காயை நான் தின்பதா கூடாதா என்று ஒரு குழப்பம். பிரகதாம்பாள் தின்றுவிட்டாள். ஒக்காதா என்கிற கிழவர் அன்றைக்கு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாராம். இதில் அது எப்படி நடக்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்புறம் மழை மேகம் கூடியது. கொட்டிக் கிடந்த நெல்லைச் சாக்கில் பிடித்து ஏற்றுவதற்கு ஆள் பற்றவில்லை. ஒரு வாரம் நான் வீட்டுக்கு வந்ததே சோறு தின்னத்தான். அதில் முதல் நாளே வரும்போது பார்த்தால் தாரோ எங்கள் புது வீட்டு முகப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சாரத்து மூங்கிலில் தேங்காய்க் கயிறு, கயிற்றின் முனை தாரோவின் கழுத்தில். பக்கத்தில் எலுமிச்சம்பழம், மிளகாய், படிகாரம்.

"பூதத்தை யாராச்சும் வீட்டுக்குள்ள வைப்பாங்களா?" என்றாள் பிரகதாம்பாள். "வெளியதான் கட்டணும். கடையில விக்கற திருஷ்டி பொம்மை எல்லாம் நம்ம ஊர்க் கண்ணுக்குக் காணாது. இது கடல் தாண்டி வந்தது. எம் பொண்ணுதான் யோசனை பண்ணி அனுப்பியிருக்கா."

அவள் பயம் எனக்குத் தெரியும். போன வருஷம் இந்த வீட்டுக்குத் தளம் போட்ட அன்றைக்கே அங்கே மேகலா ஒரு கிழவியைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டாள். ஊர்க் கண் என்று பிரகதாம்பாள் முடிவு பண்ணிவிட்டாள். அதிலும் எதிர்வீட்டு எழில்மொழி கண். தளம் போட்டபோது எழில்மொழி வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாளாம்.

எனக்கும் அந்தப் பச்சை மூஞ்சி அங்கே பொருத்தமாகத்தான் தெரிந்தது. ஒரு வாரமாகப் படம் இல்லை என்று மேகலா நச்சரித்ததால் கீழே நின்று, வீடு முழுக்கத் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போன். மேகலா அழுகிறாள்.

"ஏம்பா அவனைத் தூக்குல போட்டீங்க?"

"யாரை?"

"தாரோவை! சோறு போடற நேரத்துல டிவியில போட்டுட்டாங்கப்பா. ஒரு பாட்டி கத்திடுச்சு. ஒக்காதா தாத்தா கிண்ணத்தைத் தள்ளிட்டாரு. அவன் என்ன தப்பு பண்ணான்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"தப்பு ஒண்ணும் பண்ணலம்மா. நல்ல இடத்துலதான் கட்டியிருக்கு. முகப்பு."

"கழுத்துல கயிறுப்பா! மேனேஜரம்மா என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டுச்சு. இங்க வந்து மூணு வருஷத்துல முதல் தடவையா என்னை நம்பி ஒண்ணைக் கொடுத்தாங்க. நாளைக்குக் காலையில செம்மொழி வருவா. தாரோ நல்லபடியா வந்து சேரலைன்னா இந்த ஜனங்க மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது? இப்பவே இறக்குங்க. இறக்கி ஒரு போட்டோ அனுப்புங்க."

போனைப் பிரகதாம்பாளிடம் கொடுத்தேன். அவள் பூராவும் கேட்டாள். கேட்டுவிட்டு, "முடியாது" என்றாள்.

"அம்மா!"

"ஒரு வாரமா ஊர்க் கண்ணெல்லாம் வாங்கிக்கிட்டு நிக்குது. அதை அவுத்து உங்கிட்டயே அனுப்பச் சொல்றியா? இங்க ஒட்டுனது எல்லாம் நேரா அங்க வந்து உன் முதுகுலதான் ஏறும். மறுபடி படுத்தா யாருடி உனக்குக் கஞ்சி வச்சுக் கொடுப்பா?"

"கண்ணாவது மண்ணாவது. அனுப்புமா."

"பொம்மை வாங்கக் காசு அனுப்பறேன், வேற வாங்கிக்கச் சொல்லு."

"அது வேற பொம்மை. அது தாரோ இல்ல." மேகலா போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பக்கம் மகளின் மானம். இந்தப் பக்கம் மகளின் முதுகு. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்றே தெரியாமல் சாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொத்தனார் லியாகத் அலி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பாய், அதைக் கொஞ்சம் அவுத்துக் கொடுங்களேன்."

"எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லண்ணே."

"அதான், அவுத்துடுங்க."

"நம்பிக்கை இல்ல. ஆனா அவுக்க மாட்டேன். பால் காய்ச்சறதுக்கு முந்தி எந்த வீட்டுலயும் அவுத்ததில்ல. சாரத்துல நாள் பூரா நிக்கறவன் நானு."

கொள்முதல் நிலையத்திலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள். போகவில்லை. பிரகதாம்பாள் சோறு வடித்தாள், எனக்குப் போட்டாள், அவள் தின்னவில்லை. மத்தியானம் ஒரு தூறல் போட்டது. தாரோவின் தலைக்குழியில் தண்ணீர் தேங்கி, அலகு வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்குக் கண்ணு பட்டா என்ன செய்வே?" என்று கேட்டேன்.

"சுத்திப் போடுவேன்."

"அதையே இதுக்கும் செய்யேன்."

"திருஷ்டி பொம்மைக்கு யாராச்சும் திருஷ்டி கழிப்பாங்களா? என்ன பேசறீங்க?"

கலவை குழைத்துக்கொண்டிருந்த லியாகத் அலி நிமிராமலே சொன்னார்: "தண்ணி லாரியையும் தண்ணி ஊத்தித்தானே அண்ணி கழுவறோம்."

பிரகதாம்பாள் எழுந்து போய்க் கொட்டாங்கச்சி பொறுக்க ஆரம்பித்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் நானே சாரத்தில் ஏறினேன். எத்தனையோ மூட்டை ஏறின முதுகு, ஒரு பொம்மை கூடுதலாக ஏறினால் என்ன? கயிறு மழையில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். தாரோ நனைந்து நல்ல கனம் கனத்தது. கீழே கொண்டுவந்து கிழக்கே பார்க்க ஒரு முக்காலியில் உட்கார வைத்தேன். கழுத்தில் கயிற்றுத் தடம்.

பிரகதாம்பாள் முச்சந்தி மண் எடுத்து வந்திருந்தாள். எழில்மொழி வாசல் மண்ணும் ஒரு பிடி. கல்லுப்பு, வரமிளகாய், கடுகு எல்லாம் சேர்த்து ரெண்டு கையிலும் மூடி வைத்துக்கொண்டாள்.

"பாத்துக்குங்க. நெருப்புல போட்டதும் நெடி வரலைன்னா கண்ணு இருந்திருக்கு, நெருப்பு அதைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம்."

"வந்தா?"

"எப்படி வரும்? ஊரே பாத்து வயிறு எரியுது."

ஊர்க்கண், உறவுக்கண், போறவ கண், வர்றவ கண் என்று தாரோவை இடமும் வலமும் சுற்றினாள். மூன்று தடவை துப்பச் சொல்ல வேண்டும். அது துப்பாதே! என்னைத் துப்பச் சொன்னாள். துப்பினேன். இரும்புச் சட்டியில் கொட்டாங்கச்சி நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அதில் கொட்டினாள்.

உப்பு படபடவென்று வெடித்தது. ஒரு மூச்சுக்கு ஒன்றுமில்லை. பிரகதாம்பாள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

அடுத்த மூச்சில் நெடி வந்தது. சாதாரண நெடி இல்லை. தொண்டையை அறுத்துக்கொண்டு வந்தது. எனக்கு இருமல். கண்ணில் தண்ணீர். லியாகத் அலி கரணையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டிலிருந்து எழில்மொழி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னக்கா இது, தெருவே இருமுது? யாருக்குச் சுத்துறீங்க, இந்தப் பச்சைக்கா?"

பிரகதாம்பாள் இருமலோடு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகாய் கருகி, இன்னும் காரமாகப் புகைந்தது.

"இவ்வளவு நெடியா..." என்றாள். பிறகு திரும்பி, "ஏன்டி எழிலு, உண்மையைச் சொல்லு. எங்க வீட்டைப் பாத்து ஒருநாளாவது உனக்கு வயிறு எரிஞ்சுதா இல்லியா?"

எழில்மொழி முதலில் சிரித்தாள். பிரகதாம்பாள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் நிறுத்தினாள்.

"எதுக்குக்கா எரியணும்? பெத்த பொண்ணு மூஞ்சியை மூணு வருஷமாப் பாக்காம கட்டற வீடு. பாவமாத்தான் இருக்கும். தளம் போட்ட அன்னிக்குக்கூட அதைத்தான் நெனச்சுக்கிட்டு நின்னேன்." இருமிக்கொண்டே போய்விட்டாள்.

சரி, கண் இல்லை. பொம்மை சுத்தம். நாளைக்குத் தாராளமாகப் போகலாம், மேகலாவின் முதுகுக்கு ஒன்றும் வராது. இதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் பிரகதாம்பாள் அடித்துப்போட்ட மாதிரி மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள். தாரோவை எடுத்து மடியில் போட்டு முந்தானையால் தலைக்குழியைத் துடைத்தாள். கழுத்துத் தடத்தைத் தேய்த்து விட்டாள். நான் அப்படியே ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"அப்பா, அம்மா மடியில உக்காந்திருக்கான்! இது போதும்ப்பா. நாளைக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போட்டுக் காட்டிடுவேன். அம்மா சம்மதிச்சுட்டாங்களா?"

போனை ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

"சுத்திப் போட்டுட்டேன்டி," என்றாள் பிரகதாம்பாள். "செம்மொழிகிட்ட கொடுத்து விடறேன்."

கண்ணாவது மண்ணாவது என்று காலையில் சொன்ன மேகலா மெதுவாகக் கேட்டாள்: "கண்ணு இருந்துச்சாம்மா?"

சட்டியிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. பிரகதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருந்துச்சாவா? கொஞ்சநஞ்சமா? ஊரே வயிறு எரியுதுடி உன் வீட்டைப் பாத்து. அத்தனை மொளகா போட்டேன், துளி நெடி வரலை."

எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சாரத்துக்கு அந்தப் பக்கம் போனேன்.