முதுகுப்பக்கம்

கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடந்து வருகிறார்கள், வரிசையாக முதுகுகள், ஒருவருக்கும் முகமில்லை, கரைவலை இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடிதானே கரையேறுவார்கள், இடது தோள் சற்றே தாழ்ந்து முன்னால் நிற்பவர் என் வீட்டுக்காரர், தினமும் அவரை ஈரத்துணியால் துடைக்கிறேன், இந்த ஓட்டல் வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிக்குள், இழுத்துக்கொண்டே இருக்கிறார், வலைதான் இன்னும் வந்தபாடில்லை, கடலுக்கு இத்தனை நீலம் எதற்கு, மணலில் ஒரு மீன்செதில்கூட இல்லை, என் பழைய சேலையைக் கிழித்து அவர் தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பச்சையாக்கிவிட்டான் படம் வரைய வந்தவன், குடைக்கடியில் உட்கார்ந்துகொண்டு, அக்கா, அண்ணன ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்களேன் என்கிறான், நான் மீன்கூடையோடு நின்று சிரிக்கிறேன், திரும்புனா கயிறு நழுவிடும் தம்பி, அது இவர் காதில் விழுந்துவிட்டது, திரும்பாமலே கத்துகிறார், மூஞ்சியா நமக்குச் சோறு போடுது, முதுகுதான போடுது, அதையே வரையச் சொல்லுடி, எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும்தான், அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஐப்பசி வந்துவிடுகிறது, எந்த வருடத்து ஐப்பசியோ, சோற்றுத் தூக்குவாளியை மறந்துவிட்டுப் போனவர் பின்னால் ஓடுகிறேன், போட்டைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருக்கிறார், இதே முதுகு, கூப்பிடு தூரம்தான், ஆனால் கடலுக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, எங்கள் தெருவில் யாரும் கூப்பிட்டதில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், தூக்குவாளி கனத்தது, அவர் போய்விட்டார், பிறகு போட்டு மட்டும் கரை ஒதுங்கியது.

கூப்பிட்டிருந்தால் மட்டும் கடல் விட்டிருக்குமா, தெரியாது, முகத்தையாவது ஒருமுறை பார்த்திருப்பேன், இப்போது எவ்வளவு முயன்றாலும் அது கூடிவருவதில்லை, மூக்கு வந்தால் கண் போய்விடுகிறது, வீட்டில் மாலை போட்ட போட்டோவில் இருப்பவர் ஸ்டூடியோ விளக்குக்குப் பயந்து விறைத்துப்போன யாரோ ஒருவர், முதுகுதான் நிச்சயம், முதுகுதான் எனக்கு மிச்சம், இன்று துடைத்து முடித்தும் நகர முடியவில்லை, இனி என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றியது, கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒருமுறையும் வாயால் சொல்லாத பெயரை, பின்னாலிருந்தே, காத்தமுத்து என்று கூப்பிட்டேன், சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன் போல, சாவி வாங்க நின்றவர்கள், மேனேஜர், வாசல் வாட்ச்மேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எத்தனை முகங்கள், அவர் மட்டும் கயிற்றை விடவில்லை.