கட்டி முடித்த தேதி

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதை என் வாயிலிருந்து பிறந்தது. 1974-இல், மான்ட்ரியலில், நான் ஒரு தேதியைச் சொன்னேன். யாரும் காசு கொடுத்துக் கேட்கவில்லை, இலவச யோசனை. அதை அனுசூயா ஓர் அரசாங்கப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு நடந்ததை நாலு வருஷமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

கிழித்த தொடக்கங்களில் இரண்டு:

"ஏரியின் நீலத்தில் வெள்ளைப் பாய் ஒன்று மெல்ல விரிந்து..." (அந்தச் சமயத்தில் படகுக்குப் பாய்மரமே கிடையாது. அடித்துவிட்டேன்.)

"பாலசந்திரனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல நாளாகப் பார்த்து..." (யோசனை என்னுடையது. நண்பன் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன். இதையும் அடித்தாயிற்று.)

ஆகவே மூன்றாவது தடவை, ஒழுங்காக.

2

அனுசூயா சென்னையில் மருத்துவம் படித்து, இரண்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவள். (நேரில் 'நீங்க' போட்டுப் பேசுகிறவளைக் கதையில் 'அவள்' என்கிறேன். எழுதுகிறவனுக்கு உள்ள ஒரே சலுகை இதுதான்.) 1968-இல் கணவன் பாலசந்திரனோடு இங்கே வந்தாள். அவனுக்கு டோர்வலில் விமான இன்ஜினியர் உத்தியோகம். அவளுடைய பட்டத்தை இங்கே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. இது மூலப் பிரதி இல்லை, அது பிரெஞ்சில் இல்லை, விண்ணப்பம் முழுமையாக இல்லை. ஆறு வருஷமாக இதே பல்லவி. கடைசியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை கிடைத்தது.

அவள் செயின்ட் லூயி ஏரிக்கரையில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, வரைபடம் வாங்கி, இருபத்திரண்டு அடி ஒட்டுப்பலகைப் படகு ஒன்றைக் கட்டத் தொடங்கினாள். ஏன் படகு என்று கேட்டேன்.

"தையல் போட்டுப் பழகின கை சார். சும்மா இருக்க மாட்டேங்குது."

சின்னப் படகுக்கு ஓர் உரிம எண் போதும். கேள்வியே இல்லாமல் கொடுப்பார்கள். அலுவலகத்துக் குமாஸ்தாவும் அதையே சொன்னார். அவளோ மத்திய அரசின் கப்பல் பதிவேட்டில்தான் ஏற்ற வேண்டும் என்று நின்றாள். அதற்குக் கட்டியவர் சான்று வேண்டும், உரிமையாளர் சத்தியப் பிரமாணம் வேண்டும், சர்வேயர் வந்து அளக்க வேண்டும், பதிவேட்டில் வேறு எந்தக் கப்பலுக்கும் இல்லாத பெயர் வேண்டும்.*

"எதுக்கு அனு இத்தனை வம்பு?" என்றான் பாலசந்திரன்.

"இந்த ஊர் என்கிட்ட எத்தனை காகிதம் வாங்கியிருக்கு? ஒண்ணாவது திருப்பித் தரட்டும். நான் பண்ணினதுன்னு எழுதி, முத்திரை குத்தி."

 

(*அந்தப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் போய்த் தேடிப் பார்த்து, முடிவை என்னிடமிருந்து பறித்துவிடுவீர்கள்.)

3

இப்போது என் பங்கு. நான் மணிவாசகம், கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். அப்படிப்பட்டவன் பஞ்சாங்கம் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அம்மா வருஷா வருஷம் கப்பல் தபாலில் அனுப்புகிறாள், பார்க்கிறேன்.

படகுக்குப் பால் காய்ச்ச நான் குறித்த நாள் ஜூலை முதல் தேதி. திங்கட்கிழமை, வளர்பிறை, அனுஷம், போதாததற்கு விடுமுறை. ஆனியில் குடிபோகக் கூடாது என்று ஒரு கட்சி உண்டு. படகு வீடு இல்லையே என்று நானே தீர்ப்புச் சொன்னேன். விட்டால் ஆடி வந்துவிடும். ஆவணிக்குக் காத்திருந்தால் படிவம் நகர்வதற்குள் ஏரி உறைந்துவிடும்.

அன்று படகுக்குள் ஸ்டவ் வைத்துப் பால் காய்ச்சினோம். மேல்தளம் போடாததால் தலைக்கு மேல் வானம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. சர்க்கரை போட்டுக் காகிதக் குவளைகளில் குடித்தோம். அப்புறம் அவள் படிவத்தை மடியில் வைத்து நிரப்ப ஆரம்பித்தாள்.

"கட்டி முடித்த தேதின்னு கேட்டிருக்கான்."

"ஜூலை ஒண்ணு போடுங்க," என்றேன். "பால் காய்ச்சியாச்சே."

"மேல்தளமே இல்லையே சார்."

"நம்ம ஊர்ல ஜன்னல் வச்சப்புறமா கிரகப்பிரவேசம் பண்றாங்க?"

அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். அவளைச் சிரிக்க வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இன்று நினைத்தால் கூசுகிறது.

4

சர்வேயர் வர ஒரு மாதமாகும், அதற்குள் தளம் போட்டுவிடலாம் என்பது எங்கள் கணக்கு. மனிதர் பதினோராம் நாள் வந்து நின்றார். முதல் இரண்டு பிரதிகளில் இவரைக் கடுகடுப்பான அதிகாரியாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதி. ஆனால் முசியே லாவிக்டுவார் நல்லவர், அதுதான் தொல்லையே.

நாடாவை நீட்டியபடியே கேட்டார். "மேல்தளம் எங்கே, மதாம்? எதுவரைக்கும் உயரம் அளப்பது? முடிந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?"

நான் முந்திக்கொண்டேன். "எங்கள் பக்கத்தில் என்ன வழக்கமென்றால், வீடு முடிவதற்கு முன்பே நல்ல நாளில் பாலை..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. இங்கேயும் அப்படியே விடுகிறேன்.

அவர் படகைச் சுற்றி வந்தார். இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தார். "வேலை சுத்தம். வரைபடத்தில் உள்ள உயரத்தைப் போட்டுவிடுகிறேன். தேதியை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு மாதத்தில் காகிதம் உங்கள் கையில்."

"நன்றி சொல்லு அனு, மெர்சின்னு," என்றான் பாலசந்திரன், மெதுவாக.

அவள் சொல்லவில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி அவரிடம் கை நீட்டினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வருஷமா நான் கொடுத்த காகிதம் அத்தனையும் நிஜம். ஒண்ணையும் நம்பலை. முதல் தடவையா ஒரு பொய் எழுதியிருக்கேன், அதை உடனே நம்பறாங்க. அதையா நான் சட்டம் போட்டு மாட்டணும்?"

பழி என்மேல்தான். அதை அவள் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். படிவத்தை அவள் வாங்கிக்கொண்டாள், அந்த வருஷம் பதிவு இல்லாமலே போயிற்று.

5

இங்கே கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவள் சர்வேயர் சொன்னதற்குத் தலையாட்டுகிறாள். காகிதம் வருகிறது. எல்லோரும் ஏரியில் போகிறோம், காற்று நன்றாக அடிக்கிறது. இரண்டாவதில் மனம் வெறுத்துப் படகைப் பாதியில் விட்டுவிடுகிறாள். கொட்டகைக் கூரை பிளந்து பனி கொட்டி நிரம்புகிறது. பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும்.

இரண்டையும் நோத்ர-டாம்-த-கிரேஸ் வட்டாரத்தில் உள்ள அவர்கள் வீட்டுச் சமையலறையில் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டும் வேண்டாம் சார். குளிர்ல பசை காயாம நாம பட்ட பாட்டை எழுதுங்க."

எழுதுகிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க சனிக்கிழமைதோறும் கொட்டகையில் இருந்தோம். பசை காய்வதற்காக பாலசந்திரன் இரண்டு விளக்குகளைப் பலகைக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். எனக்கு உப்புத்தாள். செய்த பாவத்துக்கு அதுதான் பரிகாரம் என்று தேய்த்தேன். நாலு கையுறை கிழிந்தது. அவள் பலகை பலகையாக இறக்கினாள். ஒன்று கோணலாக உட்கார்ந்தால் பெயர்த்து எடுத்து மறுபடி வைத்தாள். இதில் கதைக்குரிய திருப்பம் எதுவும் இல்லை, மன்னிக்கவும்.

6

1975 ஜூன். அதே முசியே லாவிக்டுவார். மேல்தளம் இருந்தது, பாய்மரம் நின்றது. நீளம், அகலம், உயரம் எல்லாம் நாடாவால் அளந்தார். பிறகு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து புதுப் படிவத்தை அவரே நிரப்பினார்.

கட்டியவர் என்று தன் பெயரைச் சொன்னாள். முடித்த தேதியைக் கேட்டார். கடைசித் திருகாணி இறங்கிய நாளைச் சொன்னாள். நான் அன்றைய நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. (பார்த்தேன். சொல்லவில்லை.)

"தொழில்?"

போன வருஷத்துப் படிவத்தில் அந்த இடத்தில் 'பரிசோதனைக்கூட உதவியாளர்' என்று இருந்தது.

"டாக்டர்," என்றாள்.

அவர் தலையைத் தூக்கினார். "கனடாவிலா, மதாம்?"

"நான் டாக்டர். எங்கே என்று இந்தப் படிவம் கேட்கவில்லை."

பாலசந்திரன் பதறிவிட்டான். "அனு, போன தடவை மாதிரி ஆயிடப் போகுது."

"போன தடவை எழுதினது நடக்காதது," என்றாள் தமிழில். "இது நடந்தது. முந்நூறு குழந்தையை இந்தக் கையால வாங்கியிருக்கேன்."

அவருக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் அவள் கைகளைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். சாட்சியாகப் பக்கத்தில் நின்றவன் நான்தான். ஆனால் அவளுடைய படிவத்தில் என்ன எழுதலாம் என்று நான் ஒரு தடவை சொன்னது போதும். இந்தக் கட்டத்தை உங்களிடம் விடுகிறேன். எது நிஜமோ அதை எழுதுங்கள். அவள் எதிரிலேயே நிற்கிறாள், உங்களைத்தான் பார்க்கிறாள்.

பெயர்: அனுசூயா
தொழில்: ........................