விசில் அடித்த பல்லிடுக்கு

பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவரை எல்லோரும் ‘மைக்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யாருடைய பை காணாமல் போனது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்ததும் மிச்சத்தைப் பேசுவார். அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தாள். மிஷின் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. அதனால் குடும்பம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள், அடுத்த ஷிஃப்ட்டில் வேலை பார்ப்பவரின் மனைவி ரவிக்கை தைக்க அளவு கொடுக்க வந்தாள். போகிற போக்கில் மெல்ல இழுத்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் பேசி முடிச்சா எங்க வீட்டுக்காரரால அந்த மைக்கிட்ட வாயக் கொண்டுபோக முடியலையாம். சொந்தக் காசுல பஞ்சு உறை வாங்கி அதுக்கு மாட்டிக்கிறாரு.”

தையல்காரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆச்சரியமும் இல்லை. காலையில் அவர் பல் தேய்த்துத் துப்பினால் தொட்டி சிவந்துதான் கிடக்கும். கேட்டால், “ப்ரஷ் கொஞ்சம் முரடு” என்பார். வலி இல்லாத பல்லுக்கு வைத்தியம் எதற்கு என்பது அவர் கட்சி. வாய் நாறுகிறது என்று நேரடியாகச் சொன்னாலோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எனவே வேறு வழி பிடித்தாள்.

“என்னங்க, எனக்குப் பல்லுல ஒரு மாதிரி கூச்சமா இருக்கு. டாக்டர்கிட்ட போகணும். தனியாப் போக பயமா இருக்கு.”

“இதுக்கெல்லாமா பயம்? நான் வரேன் வா” என்று சட்டையை மாட்டினார் மைக்.

பல் ஆஸ்பத்திரி ஒரு மாடியில் இருந்தது. டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். நாற்காலியைப் பார்த்ததுமே தையல்காரி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க முதல்ல உக்காந்து க்ளீன் பண்ணிக் காட்டுங்களேன். வலிக்குமா வலிக்காதான்னு நான் பாத்துக்கிறேன்.”

மறுக்க வழியில்லை. அவர் ராஜா மாதிரி ஏறிச் சாய்ந்தார். டாக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டார்.

“பல் தேய்க்கும்போது ரத்தம் வருமா சார்?”

“ஆ... ஆ...” என்றார் மைக். எப்போதாவது என்று சொல்லப் பார்த்தார்.

“தினமும் வரும் டாக்டர்” என்றாள் தையல்காரி. “ராத்திரி பல்லே தேய்க்க மாட்டாரு. ப்ரஷ்ஷு வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஷிஃப்ட்டு முழுக்க மிட்டாய்.”

கல்யாணம் ஆன நாள் முதல் இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததில்லை. அவர் கண்ணை உருட்டினார். எச்சிலை உறிஞ்சும் குழாய் ஒருபுறம், தண்ணீரைப் பீய்ச்சியபடி அதிரும் கருவி ஒருபுறம். கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னாலிருந்து மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்குகள் பெயர்ந்து விழுந்தன. ஈறு கூசியது, கொஞ்சம் வலித்தது. ஆனாலும் மனைவி பார்க்கிறாளே என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

வாய் கொப்பளித்து எழுந்து, “அவ்வளவுதான்! வா, நீ உக்காரு” என்று திரும்பினார். ஆளைக் காணோம். கீழே தெருவில் செருப்புக் கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குக் கூச்சம் நின்னுடுச்சுங்க” என்றாள்.

மறுநாள்தான் வினை. காலையிலிருந்தே அவர் நாக்கு கீழ்ப்பல்லின் புது இடுக்குகளைத் துழாவிக்கொண்டிருந்தது. கூண்டில் உட்கார்ந்து, “மூன்றாவது மேடை பஸ் சற்றுத் தாமதமாகப் புறப்படும்” என்றார். ‘பஸ்’ஸின் வாலில் ஒரு காற்று கிளம்பியது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கி, ‘வீ...ச்’ என்று நிலையம் முழுக்க விசில் அடித்தது. மூன்றாவது மேடை டிரைவர், கண்டக்டர்தான் விசில் கொடுத்தார் என்று எண்ணி வண்டியை எடுத்துவிட்டார். டீக் கடையில் நின்ற கண்டக்டர் கிளாஸும் கையுமாகப் பின்னாலேயே ஓடினார். பயணிகள் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள்.

மைக்குக்குக் கோபம் தலைக்கேறியது. சாயங்காலமே மனைவியைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றார்.

“என் பல்லத் தேய்ச்சு எடுத்துட்டீங்க! இடுக்கு இடுக்கா நிக்குது. நான் பேசிச் சம்பாதிக்கிற ஆளு!”

டாக்டர் பதற்றப்படவில்லை. மைக்கின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார்.

“பாருங்க சார், பல்லு முழுசா இருக்கு. போனது பல்லுல படிஞ்சிருந்த காரை. சுவத்துல பூசின மாதிரி இத்தனை நாளா இடுக்கை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. வீங்கின ஈறும் இப்போ வத்துது. அதான் சந்து தெரியுது. நாக்குக்குப் பழகிட்டா விசில் தானா நின்னுடும்.”

“காரை இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே? வலிக்கவே இல்லையே!”

“ஈறு நோய் வலிக்காமதான் வரும். உள்ள இருக்கிற எலும்பு கரையும், பல்லு ஆடும். அப்புறம் நீங்க அறிவிப்பு சொல்லும்போது பல்லும் சேர்ந்து வெளிய வரும். இப்பவே வந்ததால தப்பிச்சீங்க. ராத்திரியும் தேய்க்கணும். இடுக்குல நூல் விட்டு எடுக்கணும்.”

“நூலா?” என்று தையல்காரி முன்னால் வந்தாள். “எத்தனாம் நம்பர் நூலு?”

“தையல் நூல் வேண்டாம்மா, ஈறைக் கிழிச்சிடும். இதுக்குன்னே மெழுகு பூசின நூல் இருக்கு.” டாக்டர் பேச்சை நிறுத்தி அவள் வாயையே பார்த்தார். “நீங்க தைக்கும்போது நூலைப் பல்லாலதானே கடிப்பீங்க?”

“அது எப்படித் தெரியும்?”

“முன்பல்லு விளிம்புல ஒரு வெட்டு விழுந்திருக்கு. கொஞ்சம் உக்காருங்க, பாத்துடலாம்.”

அவள் வாசலைப் பார்த்தாள். மைக் அங்கே போய்க் குறுக்கே நின்றுகொண்டார்.

அவள் வாய் திறந்ததுதான் தாமதம், அவருக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. டாக்டர் கேட்காததற்கும் பதில் சொன்னார். ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டே சண்டை போடுவாள், சர்க்கரையை வெறும் வாயில் அள்ளிப் போடுவாள், பல் கூச்சத்தை ஒரு பக்கமாக மென்றே சமாளிப்பாள் என்று அடுக்கினார். கடைவாயில் ஒரு சொத்தை இருந்தது. பொய்யாகச் சொன்ன கூச்சம் பாதி மெய்தான்.

“சின்னதுதான். இன்னைக்கே அடைச்சிடலாம். விட்டா வேருக்குப் போயிடும்” என்றார் டாக்டர்.

மரத்துப்போக ஊசி போடும்போது அவள் கையை நீட்டினாள். மைக் பேச்சை நிறுத்திவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கருவி ஓய்கிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

இரண்டு வாரத்தில் விசில் அடங்கியது. தொட்டியில் சிவப்பும் குறைந்துகொண்டே வந்து நின்றது. மூன்று மாதம் கழித்து டாக்டர் வரச் சொன்ன நாளில் யாரும் யாரையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் மட்டும் ஒரு தகராறு.

“நீங்க முதல்ல உக்காருங்க.”

“இல்ல, நீ உக்காரு. உன்னைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்ல எனக்கு நிறைய இருக்கு.”

“என்கிட்ட அதைவிட நிறைய இருக்குங்க” என்றாள் அவள், இரண்டு படி முன்னால் ஏறியபடி.