கோப்பன்ஹேகனுக்கு ஒரு குடை

காஸ்தெல்மூதோவில் மழை என்ற ஒன்றை ஊர் மறந்துபோயிருந்த கோடையில் ஜெர்லாந்தோ ஒரு குடை வாங்கினான். கறுப்புக் குடை, மரக் கைப்பிடி, காற்றில் மடங்காத கம்பி.

தெரு சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். சிசிலியில் பிடிக்கவா அவன் குடை வாங்கினான்? அது கோப்பன்ஹேகனுக்கு. "மாறும் பருவநிலையில் நாம் விரும்பும் வருங்காலம்" என்று இளைஞர்களைக் கனவு காணச் சொல்லி மிலான் அறக்கட்டளை ஒன்று ஊரில் முகாம் போட்டிருந்தது. எல்லாரையும்விட நன்றாகக் கனவு காணும் ஒருவருக்கு கோப்பன்ஹேகனில் ஓராண்டு படிப்பு, தங்க அறை, சாப்பாடு. அந்த ஊரில் அடிக்கடி மழை பெய்யுமாம். அதற்குமேல் ஜெர்லாந்தோ எதையும் விசாரிக்கவில்லை.

பூசை நின்றுபோன பழைய தேவாலயத்தில் முகாம். நடத்தியவள் லுதோவிக்கா என்ற மிலான்காரி. யார் என்ன சொன்னாலும் கண் கலங்கிவிடும் நல்ல மனசு. முதல் நாளே ஒரு விதி போட்டாள்: எதிர்மறையாகப் பேசக் கூடாது. 'தண்ணீர் இல்லை' என்பது தப்பு. 'தண்ணீருக்கு இடம் இருக்கிறது' என்பதுதான் சரி. அன்றிலிருந்து ஊரில் தண்ணீருக்கு ஏகப்பட்ட இடம் இருந்தது. மொட்டைமாடித் தொட்டியில் இருந்தது, கழிப்பறை வாளியில் இருந்தது, ஆடுகளின் வயிற்றில்கூட இருந்தது.

கனவுகள் வரத் தொடங்கின. டயர் கடைக்காரரின் மருமகன் சாரோ, கடல் மட்டம் உயர்ந்து மலையடிவாரம்வரை வந்துவிடும் என்றும், மாமாவின் டயர் கடை அப்போது கடற்கரை விடுதியாகிவிடும் என்றும் படம் போட்டுக் காட்டினான்.

"அப்ப இப்ப கடலோரமா இருக்கறவங்க என்னடா ஆவாங்க?" என்றான் ஜெர்லாந்தோ.

"அவங்க இத்தனை வருஷம் கடலை வெச்சு அனுபவிச்சாங்கல்ல, போதும்."

"பகிர்தல்!" என்று லுதோவிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போட்டி என்று சொன்னால் ஔசீலியா ஒருத்திதான். படிக்கட்டுத் தெருவின் உச்சி வீட்டுப் பெண். அந்த வீட்டுக்குக் குழாய் உண்டு, தண்ணீர் தானாக வராது. குடிநீர் வாரியம் எப்போதாவது மனமிரங்கித் திறந்துவிடும் நாளில், கீழ் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் தெருக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடுவார்கள். மோட்டார் மாட்டுவது சட்டப்படி குற்றம். எனவே வீட்டுக்கு ஒன்றுதான் வைத்திருந்தார்கள். ஜெர்லாந்தோவின் அம்மா என்சா மட்டும் இரண்டு வைத்திருந்தாள்.

ஔசீலியாவின் கனவு எளிமையானது. ஊரின் பழைய வீடுகளுக்கு அடியில் பாறையில் குடைந்த மழைநீர்த் தொட்டிகள் இருக்கின்றன. நம் தாத்தாக்கள் அவற்றைக் குப்பை போட்டு மூடினார்கள். தோண்டி எடுப்போம், இப்போது கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுகிற மழையை அதில் பிடிப்போம். வீடு வீடாக இறங்கி ஆழம்கூட அளந்து வைத்திருந்தாள். கேட்டபோதே ஜெர்லாந்தோ மனசுக்குள் மதிப்பெண் போட்டுப் பார்த்தான். நல்ல யோசனை. நடக்கக்கூடிய யோசனை. கோப்பன்ஹேகன் போகிற யோசனை.

அவனுடைய கனவின் பெயர் 'மோட்டார் இல்லாத தெரு'. இரண்டாயிரத்து ஐம்பதில் யாரும் யாருடைய தண்ணீரையும் உறிஞ்சமாட்டார்கள். அது தானாகவே உச்சி வீடுவரை ஏறும். இதை அவன் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் அம்மாவின் இரண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தில் யோசிக்க முடியவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

நடுவர்கள் வரும் நாள் காலையில் அம்மாவிடம் போனான். என்சா வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி திருத்துபவள். கல்யாணப் பெண் ஒருத்தியின் தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உன் போனைக் குடேன். என்னுது திரை உடைஞ்சிருக்கு. படம் காட்டணும்."

"எடுத்துட்டுப் போ. கீழ போட்ட, அடுத்து உடையறது உன் மண்டை."

ரோஜா நிற உறை, அதன் முதுகில் புனித கலோஜெரோவின் படம். ஊரிலேயே அப்படி ஒரு போன் அது மட்டும்தான். அதைவிட முக்கியம், தெருவின் முதல் வீடு என்சாவுடையது. தண்ணீர் முதலில் தட்டுவது அவள் கதவை. வந்ததும் தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் அவள்தான் போடுவாள். வாரியத்தின் அறிவிப்பை யாரும் நம்பமாட்டார்கள். என்சாவை நம்புவார்கள்.

சாரோ தன் கடற்கரையை நடுவர்களுக்குக் காட்டி முடித்தான். அடுத்து ஔசீலியா. அவள் எழுந்து, அளவெடுத்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, தொண்டையைச் செருமினாள். தேவாலயத்தில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக முனகின.

*தண்ணி வந்துருச்சு. என்சா.*

நாற்காலிகள் கவிழ்ந்தன. சாரோ தன் கடல் படத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். ஔசீலியா ஒரு நொடி நின்றாள். வீட்டில் அவள் அம்மா மட்டும்தான், இடுப்பு முறிந்து படுக்கையில் இருந்தாள். தொட்டி காலி என்பது ஊருக்கே தெரியும்.

"மேடம், பத்தே நிமிஷம், ஓடிப்போய் மோட்டார் போட்டுட்டு வந்துடறேன்." பிறகு ஜெர்லாந்தோவைப் பார்த்தாள். "நீ போகலையா? முதல் வீடு உங்களுதுதானே?"

"அம்மா பாத்துப்பாங்க."

அவள் கண் அவன் கையிலிருந்த ரோஜா நிறத்தில் ஒரு கணம் தங்கியது. ஓடினாள்.

"எல்லாரும் எங்கே போகிறார்கள்?" என்றாள் லுதோவிக்கா.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, மேடம்."

அந்தச் செய்தியை அவன் அம்மாவின் போனில் மட்டும் அழித்துவிட்டுப் பேச எழுந்தான். அழகாகப் பேசினான். வெளியே தெரு முழுக்க மோட்டார்கள் கிளம்பி ஊரே ரீங்கரித்தது. நடுவர் ஒருவர் அது என்ன சத்தம் என்று கேட்டார்.

"தேனீங்க, சார். ஊர்ல எல்லார் வீட்டிலயும் வளக்கறாங்க."

லுதோவிக்கா அழுதேவிட்டாள்.

தெருவில் நடந்தது இதுதான். மோட்டார்கள் காற்றை இழுத்தன. தண்ணீர் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் முதலில் அணைப்பது யார்? நான் அணைத்த மறுநிமிடம் வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் குடித்துவிடுவானே! ஆகவே ஒருவரும் அணைக்கவில்லை. ஆளுக்கு ஆள் ஜன்னல் வழியாக அடுத்தவர் வீட்டை முறைத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் டயர் கடைக்காரரின் மோட்டார் புகைந்தது. பிறகு வரிசையாக. தெருச் சத்தத்தைக் கேட்டு, சாயக் கையோடு ஓடி மோட்டார் போட்ட என்சாவுக்கு இரண்டும் போயின.

ஔசீலியா மூச்சிரைக்கத் திரும்பியபோது நடுவர்கள் பையை மூடியிருந்தார்கள். கனவுக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. கோப்பன்ஹேகன் ஜெர்லாந்தோவுக்கு.

சதுக்கத்தில் விருந்து. அரிசி உருண்டையைப் பொரித்து மலைபோல் குவித்திருந்தார்கள். அவன் இரண்டாவது உருண்டையைக் கடித்த நேரம், வாரியம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நிஜமாகவே தண்ணீரைத் திறந்துவிட்டது.

உறிஞ்ச ஒரு மோட்டாரும் உயிரோடு இல்லை. தண்ணீர் நிதானமாக, அவசரமில்லாத விருந்தாளிபோல ஒவ்வொரு வீடாக எட்டிப்பார்த்துக்கொண்டு படியேறியது. எல்லாருக்கும் கொஞ்சம். உச்சி வீட்டுக்கும்.

ஔசீலியா ஒரு கண்ணாடி டம்ளரோடு இறங்கி வந்தாள். லுதோவிக்கா முன்னால் வைத்தாள்.

"எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி, மேடம். நான் பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் தானா வந்திருக்கு. எங்கம்மா குழாயைப் பாத்து அழுதுட்டிருக்காங்க."

"எப்படி?"

"எல்லாம் ஜெர்லாந்தோ. காலையில அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். மத்தியானத்துக்குள்ள தெருவுல மோட்டாரே ஓடல. வேணும்னா அவனையே கேளுங்க."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஜெர்லாந்தோ கடித்த அரிசி உருண்டையைத் தட்டிலேயே வைத்தான்.

"உண்மையா? நீ சொன்னதால்தான் நிறுத்தினார்களா?" லுதோவிக்காவின் உதடு நடுங்கியது.

இல்லை என்றால், பிறகு ஏன் நின்றது என்று கேட்பார்கள். மேஜையில் அம்மாவின் போன் கிடந்தது. புனித கலோஜெரோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, மேடம்."

"இப்பேர்ப்பட்டவனைப் போய் டென்மார்க்குக்கு அனுப்பறீங்களே," என்றாள் ஔசீலியா, வருத்தத்தோடு. "இவன் போன மறுநாளே எல்லாரும் புது மோட்டார் வாங்கிடுவாங்க. எங்கம்மா மறுபடியும் வாளியோட கிடப்பாங்க."

நடுவர்கள் இரண்டு உருண்டைகளுக்கு நடுவே கூடிப் பேசினார்கள். இப்படியொரு இளைஞனை அவன் மண்ணிலிருந்து பிடுங்குவது பாவம் என்று முடிவாயிற்று. ஜெர்லாந்தோ ஓராண்டுக்கு ஊர் ஒருங்கிணைப்பாளர். அறக்கட்டளையின் பெயர் பொறித்த பச்சைச் சட்டை ஒன்றை அங்கேயே மாட்டிவிட்டார்கள். காலியான கோப்பன்ஹேகன் இடம் அடுத்தவருக்கு. அடுத்தவர் யார் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அவன் வீடு திரும்பியபோது வாசலில் தெருவே கூடியிருந்தது. எரிந்த மோட்டார்களைப் பிணம்போல வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள்.

"என்சா, நீதான வந்துருச்சுன்னு போட்ட?" என்றார் டயர் கடைக்காரர்.

"நான் எதுவுமே போடலய்யா! என் மோட்டாரும்தான் போச்சு. டேய் ஜெர்லாந்தோ, போனைக் குடுடா." பறித்துப் பார்த்தாள். "பாருங்க. ஒண்ணுமே இல்ல."

எல்லாரும் தத்தம் போனை நீட்டினார்கள். எல்லாவற்றிலும் இருந்தது.

"போட்டுட்டு அழிச்சிருக்கா. தண்ணி விஷயத்துல பொய் சொல்ற பொம்பளையை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"போன் யார்கிட்ட இருந்துச்சு?" என்றது ஒரு குரல்.

என்சா மகனைப் பார்த்தாள். பச்சைச் சட்டை, கீழே குனிந்த தலை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்கு அவள் போதுமான நேரம் கொடுத்தாள். அவன் திறக்கவில்லை.

"என்கிட்டதான் இருந்துச்சு," என்றாள். "நான்தான் போட்டேன். கை தவறிடுச்சு."

பாதிச் சாயத்தோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் துண்டை உதறிவிட்டு எழுந்து போனாள். அவள் பின்னாலேயே அந்தத் தெருவின் அத்தனை தலைகளும் போயின. பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை.

என்சா கதவைச் சாத்தினாள்.

"சரி, விடு. பொழப்பு போனா போகுது. கோப்பன்ஹேகன் போய் நல்லா இரு. அதுக்காகத்தான் ஒத்துக்கிட்டேன்."

"அம்மா..."

"குடையை மறந்துடாத."

"நான் போகலம்மா. இங்கயேதான்."

அவள் நெடுநேரம் அவன் சட்டையில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு சாயக் கிண்ணத்தைக் கழுவப் போனாள். கழுவத் தண்ணீர் இருந்தது.

செப்டம்பரில் ஔசீலியா பேருந்துக்கு நின்றாள். பச்சைச் சட்டையோடு அவனும் போனான். வழியனுப்புவது ஒருங்கிணைப்பாளரின் வேலை என்று லுதோவிக்கா சொல்லியிருந்தாள்.

"குடை எங்கடா?"

"எதுக்கு?"

"அங்க மழை ஜாஸ்தியாமே. உனக்கு இங்க அதை வெச்சு என்ன வேலை? கொண்டா."

ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தான். அவள் விரித்துப் பார்த்து, கம்பியைச் சோதித்து மடக்கினாள்.

"தெருவுல சொல்லப்போறியா?" என்றான் மெதுவாக.

"நான் எதுக்கு? உங்கம்மா தினமும் உன் வாயைப் பாத்துட்டிருப்பாங்கல்ல. நீயே சொல்லுவே. இல்ல, சொல்லாமயே இருப்பே. எதுவானாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

பேருந்து போனது.

அதற்குள் தெரு முழுக்கப் புது மோட்டார் வந்திருந்தது, பழையதைவிட இரண்டு மடங்கு சக்தி. அவன் வீடு வீடாகப் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். உங்கம்மாவிடம் முதலில் சொல் என்றார்கள். என்சா மூன்று வாங்கியிருந்தாள்.

மாதக் கடைசியில் அவன் உச்சி வீட்டுக்கு ஏறினான். ஔசீலியாவின் அம்மா கட்டிலில் படுத்தபடி குழாயைக் காட்டினாள். திறந்தான். காற்று வந்தது. இறங்கி வந்து மிலானுக்கு அறிக்கை எழுதினான்: 'உச்சி வீட்டில் தண்ணீருக்கு நிறைய இடம் இருக்கிறது.'

லுதோவிக்கா கண் கலங்கிவிட்டதாகப் பதில் போட்டாள்.